தோளில் எதுவும் தொங்கக் கூடாது

முதலில் உங்கள் வாசல் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அம்மா. அது உள்பக்கமாகத் திறக்கிறது. காவல் போட்ட கட்டடத்துக்குக் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து மோதுகிறவன் கதவோடு நிலையையும் சுவரையும் சேர்த்து மோத வேண்டியிருக்கும். கீலை மாற்றிப் போட ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. இங்கே சுவாவில் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள். கேட்டால் பெயர் தருகிறேன்.

வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். வாயால் சொன்னால் கேட்கிறவர்கள் நல்ல இடத்தில் குறுக்கே புகுந்துவிடுகிறார்கள். இதில் நல்ல இடங்கள் நிறைய. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பல் அடுத்த பல்லைத் தொட்டுத் தள்ளும்போது நமக்கு எங்கேயோ கிச்சுகிச்சு மூட்டுவது போல இருக்கும். இதை எழுதும்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. கையெழுத்து அங்கங்கே துள்ளியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

நான் செமேசா. பிஜி ராணுவத்தில் பதினான்கு வருஷம். அதில் பாதி, அடுத்தவர் எல்லைகளில் ஐ.நா.வின் நீலத் தொப்பியோடு நின்றது. பிறகு கம்பெனியில் எட்டு வருஷம். சம்பளத்துக்குக் காவல் ஆட்களை அனுப்பும் உங்கள் நாட்டுக் கம்பெனி. உங்கள் பாராளுமன்றம் உங்களை இவ்வளவு தூரம் விமானத்தில் அனுப்பியிருப்பதும் அதை விசாரிக்கத்தான். சண்டை நடந்த அந்த நாட்டில், துறைமுகத்து வடக்குக் காவல் நிலையில் இறந்துபோன பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தவன் நான். அங்கே அனுப்பியவன் நான். அன்று காலை ரேடியோவில் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தவனும் நான்தான். இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. எப்படி, ஏன் என்பதுதான் இல்லை.

எப்படி என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் அழகு.

ஈஸ்டருக்குள் கடைசிச் சிப்பாயையும் அந்தத் துறைமுகத்திலிருந்து திரும்ப அழைத்துவிடுவதாக உங்கள் அரசாங்கம் தன் மக்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. வாக்கைக் காப்பாற்றவும் செய்தது. நான் கண்ணால் பார்த்தேன். தெற்கு வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது. கொடியை இறக்கினார்கள், முக்கோணமாக மடித்தார்கள், நான்கு கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. அதே நேரத்தில் சமையலறைப் பக்கத்து வாசல் வழியாக எங்கள் ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சமையல்காரர் ஒருவர்தான். போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரே அண்டாவிலிருந்து முட்டை அள்ளிப் போட்டார். கட்டில்களில் சூடு ஆறவில்லை. துப்பாக்கிகளும் அவையேதான், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் வைத்துக் கையெழுத்துப் போட்டார், இந்தப் பக்கம் ஒருவர் எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முகப்பிலிருந்த படைத் தலைமையகப் பலகையைக் கழற்றிவிட்டு, வசதிகள் பராமரிப்பு அலுவலகம் என்ற பலகையை மாட்டினார்கள். ஆணிகூட அதே ஆணி.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரித்துவிட்டால் பேண்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பெரிய நாடு ஓரிடத்தை விட்டுப் போனது, போகவும் இல்லை. இரண்டும் ஒரே காலை உணவு நேரத்தில் நடந்தது. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரைச் சந்தித்துக் கைகுலுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இதன் உள்ளே இருக்கும் சுருள்வில் என்னவென்றால், சாவு. ஒரு சிப்பாய் செத்தால் பெட்டியின் மேல் கொடி வரும், விமான நிலையத்துக்கு மந்திரி வருவார், பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்து ஏன் என்று கேட்பார். பத்து பெட்டிகள் வந்தால் கொள்கையே மாறிவிடும். கம்பெனி ஆள் செத்தால் வேலை நேரப் பட்டியலில் ஒரு பெயரை மாற்றி எழுதுவோம். உங்கள் நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை என்ற பெரிய வண்டி அந்த மேடு பள்ளத்தில் குலுங்காமல் போக வேண்டுமே, அதற்கான வில்தான் நாங்கள். என்னை இதற்காக யாரும் ஏமாற்றவில்லை. புரிந்துகொண்டுதான் சேர்ந்தேன். புரிந்ததால்தான் சேர்ந்தேன்.

என் பங்கு, ஆள் எடுப்பது.

அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் எடுத்தது என் அம்மாவின் ஊரில். கண்டாவு தீவில் நாதோகா. எங்கள் வழக்கத்தில் சகோதரியின் மகனுக்குத் தாய் பிறந்த ஊரில் ஓர் உரிமை உண்டு. அவன் கேட்டதை எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துக் கிழங்கு, கட்டிப்போட்ட பன்றி, சுருட்டி வைத்த பாய், மாமா உடுத்தியிருக்கும் சட்டை, எதுவானாலும். அவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. பழைய நாட்களில் பெரிய இடத்து மருமகன்கள் படகுகளையே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது அது பெரும்பாலும் விளையாட்டுதான். நான் படகிலிருந்து தண்ணீரில் கால் வைக்கும்போதே அத்தைமார் கரையில் ஆரம்பித்துவிடுவார்கள்.

"மருமகன் வந்துட்டான்டி. கோழியெல்லாம் உள்ள போடுங்க, கொடில காயுற துணிய எடுங்க."

"போன தடவ என் மண்வெட்டிய எடுத்துட்டுப் போனான். அன்னைலேர்ந்து நான் கையாலதான் கிழங்கு தோண்டுறேன்."

அந்த முறை நான் கோழிக்கு வரவில்லை. ஊர்க் கூடத்தில் நேமானி மாமாவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் நீட்டினேன். எங்களிடம் அதற்கு மேல் பெரிய பொருள் கிடையாது. அதை நீட்டினால் கேட்கிறவன் விளையாடவில்லை என்று அர்த்தம். படையில் இருந்து வந்தவர்களில் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றேன். மாமா அம்மாவுக்கு மூத்தவர், அந்தக் கூடத்தில் அவர் பேச்சுத்தான் கடைசிப் பேச்சு. அவர் பல்லைக் கையில் வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் கயிறு கட்டும் துளைக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு கீறல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னி கேட்டா பன்னி தருவோம். நீ ஆளக் கேக்குற."

"ஆமா மாமா."

"திருப்பிக் கொண்டு வருவியா?"

"மருமகன் எடுத்தத எப்ப மாமா திருப்பிக் குடுத்திருக்கான்?"

கூடம் அதிரச் சிரித்தார்கள். மண்வெட்டி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவும் சிரித்துவிட்டுப் பல்லை வாங்கிக்கொண்டார். நான் அன்று பொய் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நூறு பேர் முன்னிலையில் உண்மையைச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள்.

மாமாவின் மூத்த மகன் கித்தியோனே அணிக்குத் தலைமை ஏற்றான். எனக்கு மச்சான். மச்சானை மரியாதையாகப் பேசினால் அவனுக்குக் கோபம் வரும்; வாயில் வந்ததைச் சொல்லி வம்பிழுப்பதுதான் எங்கள் இருவருக்கும் மரியாதை. அன்றும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "நான் வர்றேன்ப்பா. இவன் அங்க என்னதான் வேலை பாக்குறான்னு ஒரு தடவ நேர்ல பாத்துரணும். எனக்கென்னமோ தட்டு கழுவுறான்னுதான் தோணுது."

நல்ல அணி. உங்கள் சிப்பாய்கள் விட்டுப்போன பூட்ஸ் எதுவும் அவர்கள் காலில் ஏறவில்லை. முதல் இரண்டு வாரம் ரப்பர் செருப்போடு காவல் நின்றார்கள், அதிலும் ஒரு வண்டியையும் சோதிக்காமல் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு குரலில் பாடுவார்கள். பக்கத்துக் காவல் நிலைகளிலிருந்து ரேடியோவைத் திறந்து வைத்துக் கேட்பார்கள். அது தடைசெய்யப்பட்டது. நானும் கேட்பேன்.

எட்டாவது மாதம் டன்ஸ்டன் என்னைக் கூப்பிட்டார். முன்பு உங்கள் வெளியுறவுத் துறையில் இருந்தவர், இப்போது கம்பெனி. அவர் அதே ஆட்களோடுதான் பேசினார், அதே ஹோட்டலில்தான் தங்கினார்; கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் வேறு. அதுவும் இந்த யந்திரத்தில் எனக்குப் பிடித்த ஒரு பாகம். துறைமுகத்துக்கு மேலே மலைப்பாதையைப் பிடித்து வைத்திருந்த தளபதியோடு உங்கள் அரசாங்கம் பேசக் கூடாது. அவர் பெயர் ஒரு தடைப் பட்டியலில் இருந்தது. கம்பெனி பேசலாம். பேசியது. பக்கத்து நாட்டில் மூன்று சந்திப்புகள், நிறையத் தேநீர். கோதுமைக் கப்பல்கள் வரட்டும், பாதை திறந்திருக்கட்டும், உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன் என்று தளபதி சொல்லிவிட்டார். அவருக்கு ஒரே ஒரு சிக்கல். அந்நியர்களைக் கடலில் தள்ளுவேன் என்று மூவாயிரம் பேருக்கு ஆறு வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறார். வெறும் கையோடு கையெழுத்துப் போட முடியாது. ஒரு காவல் நிலையைப் பிடித்ததாகக் காட்ட வேண்டும். படத்தோடு.

எந்த நிலையை விட்டுக்கொடுக்கலாம் என்று டன்ஸ்டன் கேட்டார். வடக்கு நிலை என்றேன். அது காவல் காத்த தண்ணீர்க் கிணறு போன கோடையிலேயே வற்றிவிட்டது. முந்தின நாளே ஆட்களை அங்கிருந்து விலக்கிவிடலாமே என்றார். காலிக் கட்டடத்தைப் பிடித்தால் தளபதியின் ஆட்களே நம்ப மாட்டார்கள் என்று விளக்கினேன். அப்படியானால் சரணடையச் சொல்லலாமே என்றார். அதையும் பொறுமையாக விளக்கினேன். கைதிக்குப் பெயர் உண்டு, புகைப்படம் உண்டு, அம்மா உண்டு. வருஷத்துக்கொரு முறை மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உடன்படிக்கை முழுவதும் அந்தக் கைதியின் கழுத்தில் தொங்கும். இறந்தவர்கள் செய்தியில் இரண்டு நாள் இருப்பார்கள். உங்கள் நாட்டுக்காரர்களாக இல்லாவிட்டால் அரை நாள்.

டன்ஸ்டன் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் இத உங்ககிட்ட கேக்கல, செமேசா."

"இல்ல சார். நீங்க கேக்கல."

இந்தப் பல்தான், அம்மா, எல்லாவற்றிலும் நுட்பமானது. கேள்வி எழும்பக் கூடாது, ஆனால் பதில் வந்துசேர வேண்டும். நான் அந்த அறையிலிருந்து வெளியே வந்து மாடிப்படியில் இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கினேன். நாற்பத்தைந்து வயதில். ஒரு நாட்டின் கொள்கை அந்த நேரத்தில் என் கையில் இருந்தது. கித்தியோனே சொன்ன தட்டு கழுவுகிறவனின் கையில்.

எந்த அணி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆறு அணிகள் இருந்தன. ஒரு நாட்டு ஆட்களுக்கு ஏதாவது ஆனால் மனைவிமார் தூதரக வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொரு நாட்டு ஆட்களுக்கு ஊரில் சங்கம் இருந்தது, சங்கத்துக்கு வக்கீல் இருந்தார். நாதோகாக்காரர்களை நான் உரிமையோடு எடுத்தவன். எடுத்ததைப் பற்றி அந்த ஊர் வாய் திறக்கக் கூடாது. வேறு யாருடைய பிள்ளைகளையாவது நான் அனுப்பியிருந்தால் அது அநியாயம். இவர்கள் எனக்குக் கொடுக்கப்பட்டவர்கள்.

ஒரு கஷ்டம் மீதி இருந்தது. கித்தியோனேயின் ஆட்கள் கெட்டிக்காரர்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் ஒரு யந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்தால் தளபதிக்கு நாற்பது பேராவது போய்விடுவார்கள். அப்புறம் எங்கே பரிசு, எங்கே கையெழுத்து. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஜெபம் தொடங்கும்போது தொப்பியைக் கழற்றாத ஒருவனின் பின்மண்டையில் லேசாகத் தட்டினேன். தட்டிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. விடை அதில்தான் இருந்தது.

ஒரு தலைவர் வருகிறார் என்றால் நாங்கள் தரையில் சம்மணமிட்டு உட்காருவோம். தலையில் தொப்பி இருக்கக் கூடாது, கண்ணில் கறுப்புக் கண்ணாடி இருக்கக் கூடாது, தோளில் எதுவும் தொங்கக் கூடாது. பையானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி. யங்கோனா வேரைக் கரைத்து முதல் கோப்பை அவர் குடித்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. இதை எங்களுக்கு யாரும் உத்தரவு போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கப் பழகும்போதே வந்துவிடும். வேறு எந்த நாட்டுக் காவல்காரனிடமாவது ஆயுதத்தைக் கீழே வை என்று சொல்லிப் பாருங்கள். ஏன் என்பான், ஒன்றை முதுகில் செருகி வைத்துக்கொள்வான். எங்கள் ஆட்களிடம், ஒரு தலைவர் வருகிறார் என்று சொன்னால் போதும்.

அது ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. நான் தெற்கே அலுவலகத்தில் இருந்தேன். நல்ல வெயில். ரேடியோவில் கித்தியோனேயைக் கூப்பிட்டு, மலையின் தலைவர் இப்போது நமக்கு நண்பராகிவிட்டார், நம்மைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறார், தலைவருக்கு உரியபடி வரவேற்க வேண்டும் என்று எங்கள் மொழியில் சொன்னேன். ஆயுதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிவு உங்களிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

"தலைவர்னா எந்த அளவுத் தலைவர்? எங்கப்பா அளவா, அதுக்கு மேலயா?"

"மூவாயிரம் பேருக்குத் தலைவர்."

"அப்ப பாய் விரிக்கணும்டா. பாய்க்கு எங்க போறது? சரி, கூடாரத் துணிய விரிக்கிறோம். யங்கோனா கடைசி டப்பா ஒண்ணு இருக்கு. எங்கம்மா பால் பவுடர் டப்பால அடைச்சு அனுப்புனது. உனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"அவருக்கே குடு."

"நீ வரலியா? ஏசிய விட்டு எழுந்தா முட்டி வலிக்குமோ? வராததும் நல்லதுதான். உன் மூஞ்சியப் பாத்தா மனுஷன் அப்படியே மலைக்குத் திரும்பிருவாரு."

நான் சிரித்தேன். நடிக்கவில்லை. மச்சான் அப்படிப் பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அரை மணி நேரம் எனக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. ரேடியோவைத் திறந்தே வை, வரவேற்பைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். குளித்தார்கள். இடுப்பில் சுலு வேட்டி கட்டிக்கொண்டார்கள். ஒருவன் சட்டையில் பொத்தான் இல்லை என்று புலம்பினான், இன்னொருவன் உன் தொப்பைக்குப் பயந்து ஓடிவிட்டது என்றான். துப்பாக்கிகளை உள்ளறையில் வரிசையாக அடுக்கி மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். விருந்தாளியின் கண்ணில் பட்டால் மரியாதை இல்லையாம். அது அவர்களாகவே செய்தது. ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கித்தியோனே தன் கைபேசியை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்துப் படம் எடுக்க விட்டான். அதை என்னிடம் சொல்லவும் செய்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. என் வேலையில் விழுந்த ஒரே ஓட்டை அது.

வண்டிகள் வந்தன. பன்னிரண்டு பேரும் பாடினார்கள். அடிக்குரல்காரர்கள் அன்று நன்றாகப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டும் ஓசை, ஒரே சமயத்தில் இருபத்துநான்கு கைகள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. இங்கே ஒரு மேசையில் நான், அங்கே ஓர் உடன்படிக்கை, இடையில் எல்லாப் பற்களும் ஒன்றையொன்று தொட்டுச் சுழல்கின்றன. பிறகு அவன் குரல், மிகவும் தணிந்து.

"மச்சான்."

"சொல்லு."

"அவங்க உக்காரல. நின்னுட்டே இருக்காங்க."

"அவங்க ஊர் வழக்கம் அப்படி."

"யாரு தலைவர்னே தெரியல. எல்லாருமே தோள்ல மாட்டிருக்காங்க."

"நீ எழுந்திரிக்காத. இப்ப எழுந்தா நம்ம ஊருக்கே அசிங்கம். தலையக் குனிஞ்சுக்கோ."

"சரி மச்சான்."

குனிந்துகொண்டான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பதினோரு நிமிடம் ஆகும் என்று கணித்திருந்தேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. நான் சொன்னதைக் கித்தியோனே ஒரு கிண்டலும் செய்யாமல் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாம் நாள் தளபதி கையெழுத்துப் போட்டார். கோதுமைக் கப்பல் வந்தது. இந்தச் சமாதானத்துக்காக நம் சிப்பாய் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை என்று உங்கள் மந்திரி டெலிவிஷனில் சொன்னார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நான் அலுவலகத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்து மேசைக்காரர்களும் ஏனென்று தெரியாமலே தட்டினார்கள்.

குடும்பங்களுக்குக் கடிதம் எழுதும் வேலையும் என்னுடையது. ஒப்பந்தத்தில் பதினான்காவது விதி, காவலில் இருப்பவர் எக்காரணத்துக்காகவும் ஆயுதத்தைக் கைவிடக் கூடாது என்கிறது. கைவிட்டால் குடும்பத்துக்கு நிவாரணம் கிடையாது. இது நான் போட்ட விதி இல்லை. எங்கள் மொழியில், முடிந்தவரை மென்மையாக, உங்கள் பிள்ளைகள் ஆயுதங்களை உள்ளே வைத்துவிட்டு வெறும் கையோடு உட்கார்ந்திருந்த நிலையில் இறந்தார்கள் என்று எழுதினேன். அதிலும் பொய் கிடையாது.

விடுப்பில் நான் சுவாவுக்கு வந்திருந்தபோது நாதோகாவிலிருந்து படகில் வந்தார்கள். நேமானி மாமாவும் ஆறு பெரியவர்களும் மண்வெட்டி அத்தையும். வீட்டுக்குள் வரவில்லை. கதவைத் தட்டவும் இல்லை. என் வேலிக்கு வெளியே ஈரத் தரையில், பாய்கூட விரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தேவாலயத்துக்குப் போகும் உடையில் இருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று ஒரு கணம் நான் நினைத்தது உண்மை. வெளியே போனேன். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டு கையாலும் ஒரு திமிங்கிலப் பல்லை நீட்டினார். கயிற்றுத் துளைக்குப் பக்கத்தில் பிறை மாதிரிக் கீறல்.

"மருமகனே, நீ எங்கள நம்பி ஆள் எடுத்த. எங்க புள்ளைங்க ஆயுதத்தக் கீழ வெச்சுட்டு உன் தலையக் குனிய வெச்சுட்டாங்க. எந்தப் புத்தில அப்படி உக்காந்தாங்கன்னு எங்களுக்குத் தெரியல. மனசுல வெச்சுக்காத."

அவர்கள் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்கள்.

பல்லை வாங்காவிட்டால் அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், இருட்டும்வரை, அதற்குப் பிறகும். வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது; இரண்டு தரப்பும் அதை மறுபடி எடுக்கக் கூடாது. எனக்கு மனம் லேசாகி, சோப்பு நுரை மாதிரி மேலே மேலே போனது. பற்சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றி, தொடங்கிய பல்லிலேயே வந்து நின்றிருந்தது. இப்படி ஒரு பொருத்தத்தை நான் திட்டமிட்டிருக்கவே முடியாது. வயதானவர்களை மழையில் உட்கார வைக்கிறவன் இல்லை நான். உடனே வாங்கிக்கொண்டேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் கித்தியோனேயின் தங்கை, பெட்டியில் திரும்பி வந்த கைபேசியைச் சுவாவில் ஒரு கடையில் கொடுத்துப் பழுதுபார்த்து, அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். பல் கைமாறிய பிறகு அவள் அப்படிச் செய்தது வழக்கத்துக்கு விரோதம். அவள் சின்னவள், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆகவே எழுதிக் கையெழுத்திடுகிறேன். அந்தப் பன்னிரண்டு பேரையும் இறப்பதற்காகவே தேர்ந்தெடுத்தேன். டன்ஸ்டன் கேட்காததை நானாகச் சொன்னேன். எழுந்திருக்கப் போனவனை உட்கார வைத்தேன். என்ன நடக்கும் என்று முழுவதும் தெரிந்துதான் செய்தேன். இவ்வளவையும் உங்கள் பாராளுமன்றம் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் நேமானி மாமா நேற்று படகு ஏறிவிட்டதாகவும், இந்த அறையில் என் எதிரே உட்காரப் போவதாகவும் சொன்னீர்கள். பாவம், இவ்வளவு தூரம் எதற்கு வருகிறார் என்று தெரியவில்லை. வந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள், நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.